முதல் ராத்திரியை விடுங்க, ரெண்டாவது ராத்திரிக்கு பிளான் போடுங்க

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். அஞ்சு பேர், மூணு ராத்திரி, லட்சம் பேர் கூடுற திறந்தவெளி மியூசிக் ஃபெஸ்டிவல், அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட இதுக்கு முன்னாடி டென்ட்ல படுத்ததில்ல, அதனால "என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு ஒரு லிஸ்ட் குடுங்க"ன்னு கேட்டிருக்கீங்க. லிஸ்ட் எங்க வேணா கிடைக்கும். ஆனா கடைசி வரியில "பாதியில திரும்பி வர்ற மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதைத்தான் உங்க கேள்வியா எடுத்துக்கிறேன். நான் பல வருஷமா இந்த மாதிரி விழாக்கள்ல கேம்ப் பக்கம் வாலண்டியரா நின்னவன், அதுல பாதிக்கு மேல முதலுதவி டென்ட்ல. டாக்டர் இல்ல, முதலுதவிப் பயிற்சி எடுத்த ஆள், அவ்வளவுதான், அதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க. மூட்டை கட்டிட்டுப் பாதியில கிளம்புறவங்களை நிறைய பார்த்தாச்சு, பாட்டு பிடிக்கலைன்னு கிளம்பினவங்க ஒருத்தரும் ஞாபகத்துல இல்ல. தூக்கம் இல்ல, கால்ல புண்ணு, எல்லாம் நனைஞ்சு போச்சு, வயித்தால போகுது, இந்த நாலுல ஒண்ணுதான். அதுவும் பெரும்பாலும் ரெண்டாவது ராத்திரிதான். முதல் ராத்திரி எப்படிப் படுத்தாலும் உற்சாகத்துல ஓடிடும், ரெண்டாவது ராத்திரி ரெண்டு மணிக்கு ஈர சாக்ஸோட, கீழ கல்லு குத்த, பக்கத்து டென்ட்ல எவனோ கத்திட்டு இருக்கும்போதுதான் வீட்டு ஞாபகம் வரும். அந்த ரெண்டு மணியை மனசுல வச்சு மூட்டை கட்டுங்க.

தூக்கத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா மத்த எல்லாம் அதுலதான் நிக்குது. டென்ட் பையில "4 பேர்"னு போட்டிருந்தா தீப்பெட்டியில குச்சி அடுக்கின மாதிரி நாலு உடம்பு படுக்கலாம்னு அர்த்தம், உங்க பை, ஷூ, ஈரத் துணி எதையும் அதுல கணக்கு வைக்கல. அதனால போட்டிருக்குற நம்பர்ல பாதின்னு வச்சுக்கோங்க, ரொம்ப நெருக்கினா ஒண்ணு கம்மி. அஞ்சு பேருக்கு ஒரே பெரிய டென்ட் வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க, வேண்டாம்னுதான் சொல்வேன், ரெண்டு டென்ட்டா எடுங்க. பெரிய டென்ட்டுக்குக் காத்து ஜாஸ்தி பிடிக்கும், இடம் கிடைக்குறது கஷ்டம், முக்கியமா ஒண்ணு ஒழுகினாலோ கம்பி ஒடிஞ்சாலோ அஞ்சு பேரும் நடுத்தெருவுல. ரெண்டா இருந்தா ஒரு ராத்திரி நெருக்கிப் படுத்து சமாளிச்சிடலாம். இது என் அனுபவத்துல வந்த கருத்து, பெரிய டென்ட்தான் சந்தோஷம்னு சொல்ற பழைய ஆளுங்களும் இருக்காங்க. ஆனா மேல் துணி தனியா, உள் துணி தனியா இருக்குற ரெண்டு அடுக்கு டென்ட்டா பார்த்து வாங்குங்கங்கிறதுல யாருக்கும் மாற்றுக் கருத்து இல்ல. ஒத்தை அடுக்குல நீங்க விடுற மூச்சுல இருக்குற ஈரமே துணியில பட்டு விடியக்காலையில உங்க மேலயே சொட்டும், டென்ட் ஒழுகுதுன்னு திட்டுவீங்க. லேபிள்ல தண்ணி தாங்குற அளவு மில்லிமீட்டர்ல இருக்கும், 2000க்கு மேல இருந்தா சாதாரண மழைக்குப் போதும்.

இப்ப குளிர். ஒரு தடவை ராத்திரி மூணு மணி இருக்கும், ஒரு பொண்ணு உதடு நீலமா, பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்க முதலுதவி டென்ட்டுக்கு வந்துச்சு. பகல்ல நல்ல வெயில் அடிச்ச நாள் அது. காத்தடைச்ச மெத்தை மேல படுத்து ரெண்டு கம்பளியை மேல போத்தியிருக்கா, அப்பவும் குளிர் தாங்கலையாம். சூடா குடிக்கக் குடுத்து, உடம்பு தேறினதும் அனுப்பும்போது அந்த ரெண்டு கம்பளியில ஒண்ணை எடுத்து மெத்தை மேல விரிச்சு அது மேல படும்மான்னு சொல்லி அனுப்பினேன், அதுக்கப்புறம் வரல. விஷயம் என்னன்னா உடம்புச் சூட்டைத் தரைதான் நிறைய உறிஞ்சும், காத்தடைச்ச மெத்தைக்குள்ள இருக்குற காத்து சுத்திக்கிட்டே இருக்குறதால அது தடுக்காது, மேல எத்தனை போத்தினாலும் கீழ வழியா போயிட்டே இருக்கும். சுருட்டி வைக்குற ஃபோம் பாய் இருக்கு பாருங்க, விலையும் கம்மி, பஞ்சரும் ஆகாது, அது ஆளுக்கு ஒண்ணு கண்டிப்பா வேணும், காத்து மெத்தை ஆசைன்னா அதையும் வச்சுக்கோங்க ஆனா மேல இந்தப் பாய். ஸ்லீப்பிங் பேக்ல ரெண்டு மூணு டெம்பரேச்சர் போட்டிருப்பாங்க, அதுல கம்ஃபர்ட்னு இருக்குறதைப் பாருங்க, லிமிட்னு இருக்குறது சுருண்டு படுத்து எப்படியோ ராத்திரியைத் தள்ளுற அளவு. தூங்கறதுக்குன்னே ஒரு செட் உலர்ந்த துணி, ஒரு ஜோடி சாக்ஸ், தண்ணி புகாத கவர்ல போட்டுத் தனியா வச்சுடுங்க, என்ன ஆனாலும் பகல்ல அதைத் தொடக்கூடாது. காலையில ஏழு மணிக்கெல்லாம் வெயில் பட்டு டென்ட் அடுப்பு மாதிரி ஆயிடும், நீங்க படுத்ததே நாலு மணிக்கா இருக்கும், அதனால கண்ணை மூடுற பட்டையும் காதுக்கு இயர் பிளக்கும் பையில மேலாப்புல இருக்கட்டும்.

எங்க டென்ட் போடுறீங்கங்கிறது என்ன டென்ட்ங்கிறதை விட முக்கியம். பள்ளம் வேண்டாம், புல்லு பச்சைப் பசேல்னு மெத்து மெத்துன்னு இருக்குற இடம் பார்க்க அழகா இருக்கும், அங்கதான் தண்ணி தேங்கும். டாய்லெட் பக்கத்துல வேண்டாம், ரொம்ப தூரமும் வேண்டாம், ராத்திரி ஒரு அஞ்சு நிமிஷ நடை சரியா இருக்கும். நடைபாதை ஓரம் வேண்டவே வேண்டாம், இருட்டுல வர்றவன் உங்க கயித்துல தடுக்கி டென்ட் மேலயே விழுவான், கணுக்கால் சுளுக்குன்னு எங்ககிட்ட வர்றதுல பாதி இந்தக் கயிறு கேஸ்தான். அதனால உங்க கயித்துல வெள்ளைத் துணி ஏதாவது கிழிச்சுக் கட்டி விடுங்க. தனி மரத்தடியும் வேண்டாம். வண்டி போக விட்டிருக்குற வழியை அடைக்காதீங்க, அது தீ பிடிச்சா வண்டி வர்றதுக்கு, எழுப்பித் தூக்கச் சொல்லிடுவாங்க. முளையை நேரா அடிக்காம டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் தலை சாஞ்ச மாதிரி அடிக்கணும், கூட வர்ற ஊசி மாதிரி முளைங்க எதுக்கும் ஆகாது, நாலஞ்சு கெட்டியானது தனியா வாங்கிக்கோங்க. எல்லாத்துக்கும் முன்னாடி வீட்டு மாடியிலயோ கிரவுண்ட்லயோ ஒரு தடவை முழுசா போட்டுப் பாருங்க, முடிஞ்சா ஒரு ராத்திரி படுத்தே பாருங்க. புது டென்ட்டைப் பிரிக்காம கொண்டு வந்து, இருட்டுல, மழையில, போன் வெளிச்சத்துல அந்தப் பேப்பரை வச்சுக்கிட்டுப் புருஷன் பொண்டாட்டி சண்டை போடுறதை வருஷா வருஷம் பார்க்குறேன். ஆயிரம் டென்ட் ஒரே மாதிரி நிக்கும், உங்களோடது எதுன்னு ராத்திரி தெரியணும், உயரமா ஒரு குச்சியில வித்தியாசமா ஏதாவது கட்டுங்க, பக்கத்துல இருக்குற கம்பத்துலயோ டவர்லயோ ஒரு நம்பர் இருக்கும், அதையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

மழை வராதுன்னு எந்த வெதர் ரிப்போர்ட் சொன்னாலும் மழைக்கு ரெடியா போங்க. ஜெர்மனியில வாக்கன்னு பெரிய மெட்டல் மியூசிக் விழா, 2023ல மழையில மைதானமே சேறாகி, டிக்கெட் வாங்கினவங்களையே இனிமே யாரும் வராதீங்கன்னு வழியில நிறுத்திட்டாங்க. அதே வருஷம் ஒரு மாசம் கழிச்சு அமெரிக்காவுல நெவாடா பாலைவனத்துல நடக்குற பர்னிங் மேன் விழாவுல மழை கொட்டி 70,000 பேர் கிட்ட வெளிய வர முடியாம மாட்டிக்கிட்டாங்க, பாலைவனத்துலயே அப்படி. இங்கிலாந்துல கிளாஸ்டன்பரி மியூசிக் விழா நடக்குறது ஒரு மாட்டுப் பண்ணையில, அங்க சேறு வந்த வருஷங்களை ஆளுங்க பெருமையா வேற சொல்லிக்குவாங்க. சேத்துல என்ன ஆகும்னா கால்தான் போகும். ஈர ஷூவுல நாள் முழுக்க நின்னா தோல் வெளுத்து, சுருங்கி, மரத்துப் போயிடும், குளிரும் சேர்ந்தா அது நிஜமாவே மோசமான காயம். முழங்கால் வரைக்கும் கம்பூட்ஸ் நல்லதுதான், ஆனா அதைப் போட்டுக்கிட்டு பத்து கிலோமீட்டர் நடந்தா கெண்டைக்கால்ல உரசிப் புண்ணாகும், உள்ள நீளமான சாக்ஸ் இல்லாம போடாதீங்க. அதை விட ஏற்கெனவே போட்டுப் பழகின கணுக்கால் மூடுற ஷூ ஒண்ணும், டாய்லெட் போக ஒரு ரப்பர் செருப்பும் போதும்ங்கிறது என் கட்சி. புது ஷூ மட்டும் வேண்டாம் சாமி. குதிகால்ல எங்கயாவது சுடுற மாதிரி தோணினா அந்த நிமிஷமே, பாட்டு பாதியில இருந்தாலும் சரி, உக்காந்து அந்த இடத்துல டேப் ஒட்டுங்க, கொப்புளம் வந்தப்புறம் ஒட்டி ஒண்ணும் ஆகப் போறதில்ல. ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி காலைத் துடைச்சு, காத்தாட விட்டு, அப்புறம் அந்த உலர்ந்த சாக்ஸ். குடை கொண்டு போகாதீங்க, பின்னாடி நிக்குறவன் சாபம் விடுவான், நிறைய இடத்துல உள்ள விடவும் மாட்டாங்க, ரெயின்கோட்தான்.

மின்னல் வேற விஷயம், இதுல எனக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. டென்ட் மின்னலுக்குப் பாதுகாப்பே இல்ல, அந்தக் கம்பிங்க வேற. 2016ல ஜெர்மனியில ராக் ஆம் ரிங் விழாவுல மின்னல் அடிச்சு 70 பேருக்கு மேல காயம், கடைசி நாள் நிகழ்ச்சியையே ரத்து பண்ணிட்டாங்க. வெளிச்சம் தெரிஞ்சதும் எண்ண ஆரம்பிங்க, மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர்னு கணக்கு, முப்பது எண்றதுக்குள்ள இடி கேட்டா போய் ஒளியணும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் வெளிய வரணும். ஒளியுறதுன்னா கெட்டிக் கட்டடம், இல்லன்னா கண்ணாடி ஏத்தி விட்ட கார். காரோட ரப்பர் டயர்தான் காப்பாத்துதுன்னு பலபேர் நினைச்சுட்டு இருக்காங்க, அது தப்பு, சுத்தி இருக்குற இரும்புக் கூடுதான் மின்சாரத்தை வெளிப்பக்கமாவே தரைக்கு இறக்கி விடுது, துணிக் கூரை போட்ட வண்டியில அது நடக்காது. காத்தும் அப்படித்தான், பெல்ஜியத்துல புக்கல்பாப் விழாவுல 2011ல திடீர்னு அடிச்ச புயல்ல பெரிய பெரிய டென்ட்டும் மரமும் சாஞ்சு அஞ்சு பேர் செத்துப் போனாங்க. வானம் கறுத்து, திடீர்னு சில்லுன்னு காத்து வந்தா மேடைக் கம்பி, லைட் டவர், மரம் இது எதுக்கும் பக்கத்துல நிக்காதீங்க, மைக்ல சொல்லட்டும்னு காத்திருக்காதீங்க.

இன்னொண்ணு, இந்தப் பதில்ல வேற எதையும் படிக்கலைன்னாலும் இதைப் படிங்க. கரி அடுப்பு, பார்பிக்யூ, கேஸ் ஸ்டவ், எதையும் டென்ட்டுக்குள்ளயோ வாசல்லயோ வைக்காதீங்க. மழைன்னு உள்ள எடுத்து வச்சு, அணைஞ்சு போச்சு, சூடாவது இருக்கட்டுமேன்னு நினைச்சுப் படுத்த குடும்பங்கள் காலையில எழுந்திருக்கவே இல்ல, இது பல நாட்டுல நடந்தது. அணைஞ்ச மாதிரி தெரியுற கரியில இருந்துதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும், வாசனை இல்ல, கண்ணு எரியாது, ஜிப்பைத் திறந்து வச்சாலும் போதாது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம்னு வரும், ராத்திரி குடிச்சவங்க அதை ஹேங்ஓவர்னு நினைச்சுத் திரும்பப் படுத்துக்குவாங்க, அதுதான் ஆபத்து. டென்ட்ல இருக்குற ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தலைவலின்னா முதல்ல வெளிய வாங்க, அப்புறம் யோசிங்க. நிறைய விழாக்கள்ல நெருப்புக்கே தடை இருக்கு, டிக்கெட் கூட வர்ற விதியைப் படிங்க, என்னைக் கேட்டா மூணு நாளைக்கு அடுப்பே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு நட்ஸ், பிஸ்கட், பிரெட், பழம்னு கெட்டுப் போகாதது ஒரு வேளைக்கு ஆகுற மாதிரி கையில வச்சுக்கிட்டு மத்த வேளைக்கு அங்கேயே வாங்கிச் சாப்பிடுங்க, ஐஸ் பெட்டி கொண்டு போறதா இருந்தா ஐஸ் கட்டிக்குப் பதிலா தண்ணி பாட்டிலையே உறைய வச்சு அடுக்குங்க, உருகினா குடிக்கத் தண்ணி. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கணும்னு எல்லாருக்கும் பொருந்துற ஒரு நம்பர் கிடையாது. வெயில், ஆட்டம், உடம்பு வாகு எல்லாத்தையும் பொறுத்தது, மூத்திரம் அடர் மஞ்சளா போனா பத்தலைன்னு அர்த்தம், அந்தக் கணக்கே போதும். வெறும் தண்ணியா மணிக்கணக்குல குடிச்சுத் தள்ளுறதும் ஆபத்து, ரத்தத்துல உப்பு இறங்கிப் போய் குழம்பி வலிப்பு வரைக்கும் போகும், அதனால கூட உப்புள்ள எதையாவது கொறிங்க. ஓஆர்எஸ் பாக்கெட் ஆளுக்கு நாலு எடுத்துக்கோங்க, இல்லன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, உப்பு கூடிடாம பார்த்துக்கோங்க. வெயில்ல நின்ன ஆள் திடீர்னு உளற ஆரம்பிச்சா, தான் எங்க இருக்கோம்னு தெரியாம முழிச்சா, அது "கொஞ்சம் தண்ணி குடி"ங்கிற நிலைமை இல்ல, உடனே நிழலுக்கு இழுத்துட்டுப் போய் உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே எங்களைக் கூப்பிடணும். வயித்துப்போக்குக்கு வர்றேன்: கேம்ப்ல பரவுற நோரோ வைரஸுக்கு நீங்க பாக்கெட்ல வச்சிருக்குற ஆல்கஹால் சானிடைசர் சரியா வேலை செய்யாது, சோப்பும் தண்ணியும்தான். அதனால சின்ன சோப்பு ஒண்ணு ஒரு டப்பாவுல, டாய்லெட் பேப்பர் ஒரு ரோல் கவர்ல. டாய்லெட்டுக்கு மெயின் மேடையில பெரிய ஆள் பாடிட்டு இருக்கும்போது போங்க, க்யூவே இருக்காது, சுத்தம் பண்ற வண்டி பெரும்பாலும் விடியக்காலையில வரும், அது வந்து போனதும் ஒரு தடவை.

காதைப் பத்தி யாரும் கேக்குறதில்ல, நீங்களும் கேக்கல. 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் தாங்கலாம்னா, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபல்ல கால் மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022ல இசை நிகழ்ச்சிகளுக்குன்னு போட்ட வரையறையில மேல் அளவே சராசரி 100தான், ஸ்பீக்கர் பக்கத்துல அதை எளிசா தாண்டிடும். மூணு நாள் தொடர்ந்து நின்னுட்டு வீட்டுக்கு வந்து காதுல ஙொய்ங்குன்னு கேக்குறது பலபேருக்கு ரெண்டு நாள்ல போயிடும், சிலபேருக்குப் போறதே இல்ல, யாருக்குப் போகும் யாருக்குப் போகாதுன்னு முன்கூட்டியே சொல்ல வழி கிடையாது. ஃபோம் பிளக்கை விரல்ல நல்லா உருட்டி ஒல்லியாக்கி, இன்னொரு கையால காதைத் தலைக்கு மேல வழியா பிடிச்சு மேல இழுத்து உள்ள விட்டு, அது உப்புற வரைக்கும் அரை நிமிஷம் பிடிச்சுக்கணும், வெளிய பாதி துருத்திக்கிட்டு இருந்தா அது சும்மா அலங்காரம். பஞ்சும் டிஷ்யூவும் பிரயோஜனமில்ல. பாட்டு மொத்தையா கேக்குதேன்னு தோணினா ஃபில்டர் வச்ச இயர் பிளக் இருக்கு, எல்லா சுருதியையும் ஒரே அளவா குறைக்கும், கொஞ்சம் காசு ஜாஸ்தி, வாங்கலாம்.

கூட்டத்துல முன்னாடி போய் நிக்கணும்னு உங்கள்ல ரெண்டு பேர் அடம் பிடிக்கிறாங்கன்னு சொன்னீங்க. டென்மார்க்ல ரோஸ்கில்டே விழாவுல 2000ல மேடைக்கு முன்னாடி நெரிசல்ல ஒன்பது பேர் செத்தாங்க. நெரிசல்ல பெரும்பாலும் மிதிபட்டுச் சாகுறதில்ல, நின்ன நிலையிலயே நெஞ்சு விரியாம மூச்சு முட்டித்தான். ஒரு சதுர மீட்டர்ல அஞ்சு பேரைத் தாண்டினாலே ஆபத்துப் பக்கம் போயாச்சுன்னு கூட்டப் பாதுகாப்பு ஆளுங்க சொல்வாங்க, ஆனா நடுவுல நிக்குறவனுக்கு எண்ண முடியாது. எனக்குத் தெரிஞ்ச சோதனை, கையை மேல தூக்கி மூஞ்சியைச் சொறிய முடியுதா? சுத்தி இருக்குற ஆளுங்க மேல படாம நிக்க முடியுதா? முடியலைன்னா கிளம்புற நேரம் வந்தாச்சு. நீங்க அசையாமலே கூட்டம் உங்களை அலை மாதிரி தூக்கிட்டுப் போனா ரொம்ப லேட். அப்ப கையைக் குத்துச்சண்டைக்காரன் மாதிரி நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வச்சு மூச்சு விட இடம் பண்ணிக்கோங்க, எதிர்த்துத் தள்ளாதீங்க, ஒரு அலை அடிச்சு ஓயுற இடைவெளியில கொஞ்சம் கொஞ்சமா பக்கவாட்டுல சாய்வா நகருங்க, கீழ விழுந்த பொருளை எடுக்கக் குனியவே கூடாது.

பிரிஞ்சு போனா போன்ல கூப்பிடலாம்னு நினைப்பீங்க, லட்சம் பேர் ஒரே டவர்ல தொங்கும்போது கால் போகாது, நெட் சுத்திக்கிட்டே இருக்கும், பழைய எஸ்எம்எஸ் சில சமயம் போய்ச் சேரும். அதனால ஒரு இடம், ஒரு நேரம், "ஒவ்வொரு ரெண்டு மணி நேரத்துக்கும் இந்தக் கொடிக்கம்பத்துக்கு அடியில பத்து நிமிஷம் நிப்போம்"னு பேசி வச்சுக்கோங்க, கூட வர்றவங்க நம்பரைக் கைல பேனாவால எழுதிக்கோங்க, சிரிக்காதீங்க, போன் தொலைஞ்ச அன்னைக்குத் தெரியும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்னா அதுல உங்க போனுக்குப் போய்ச் சேர்றது ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்குதான், அஞ்சு பேருக்கு ஒண்ணு பத்தாது. விமானத்துல போறதா இருந்தா பவர் பேங்க் கைப்பையிலதான் போகணும், கேஸ் டப்பா எதுலயும் போகாது. டென்ட் ஜிப்புக்குப் பூட்டுப் போடுறதா வேண்டாமாங்கிறது முடியாத பஞ்சாயத்து, பிளேடு வச்சுக் கிழிக்குறவனுக்குப் பூட்டு ஒரு விளம்பரம்னு நான் போடுறதில்ல, போடுறவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். பர்ஸையும் போனையும் தூங்கும்போது ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கால் பக்கம் போட்டுட்டுப் படுங்க. தலையில மாட்டுற டார்ச் ஆளுக்கு ஒண்ணு, போன் டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு டாய்லெட்ல நிக்குற கொடுமை வேண்டாம்.

மூட்டை எல்லாம் கட்டினதும் ஒரு வேலை பண்ணுங்க, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு அரை மணி நேரம் வெளிய நடந்துட்டு வாங்க. பார்க்கிங்ல இருந்து கேம்ப்புக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்குறது சர்வ சாதாரணம், சக்கரம் வச்ச பெட்டி புல்லுல ஓடாது. இருபது நிமிஷத்துல இறக்கி வைக்கணும்னு தோணுறதை வீட்டுலயே வச்சுடுங்க. போய்ச் சேர்றதும் கேட் திறக்குற அன்னைக்கே, பகல்ல. 1969ல அமெரிக்காவுல நடந்த வுட்ஸ்டாக் மியூசிக் விழாவுல ரோடு மொத்தமா அடைச்சுப் போய்ப் பாடுறவங்களையே ஹெலிகாப்டர்ல இறக்கினாங்க, உங்களுக்கு யாரும் ஹெலிகாப்டர் அனுப்ப மாட்டாங்க. நிகழ்ச்சி நிரல்ல ஒரு நாளைக்கு மூணு மட்டும் குறிச்சுக்கோங்க, மத்தது வழியில காதுல விழுந்தா லாபம். ரெண்டாவது நாள் மத்தியானம் ரெண்டு மணி நேரம் அஞ்சு பேரும் நிழல்ல படுத்துத் தூங்கணும்னு இப்பவே ஒப்பந்தம் போட்டுக்கோங்க, ரெண்டாவது ராத்திரியைத் தாண்ட அந்த ரெண்டு மணி நேரத்தை விட நல்ல மருந்து நான் பார்த்ததில்ல. யாருக்காவது உடம்பு சரியில்லன்னா முதலுதவி டென்ட்டுக்கு வர வெக்கப்படாதீங்க, வந்தா என்ன குடிச்சீங்க, என்ன போட்டீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, எங்களுக்கு அது வைத்தியத்துக்குத்தான்.

கடைசி நாள் காலையில டென்ட்டை அப்படியே விட்டுட்டுப் போகலாமான்னு தோணும், பக்கத்துல பத்துப் பேர் விட்டுட்டுப் போவாங்க, யாராவது எடுத்து ஏழைங்களுக்குக் குடுப்பாங்கன்னு மனசைத் தேத்திக்குவாங்க, ஆனா அதுல பெரும்பகுதி புல்டோசர் வச்சு வாரிக் குப்பைக்குத்தான் போகுது, நான் நின்னு பார்த்திருக்கேன். ஈரமா மடிச்சா ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்குப் போனதும் பால்கனியிலயோ மாடியிலயோ விரிச்சுப் போட்டுடுங்க. அப்புறம் அஞ்சு பேர்ல வண்டி ஓட்டப் போறது யாருன்னு இன்னைக்கே முடிவு பண்ணுங்க. பதினேழு மணி நேரத்துக்கு மேல முழிச்சிருந்தவன் ஓட்டுறது கொஞ்சம் குடிச்சவன் ஓட்டுற மாதிரின்னு சோதிச்சுப் பார்த்தே சொல்லியிருக்காங்க. அந்த ஆள் கடைசி ராத்திரி நல்ல இடத்துல, ஃபோம் பாய் மேல, இயர் பிளக் மாட்டிக்கிட்டு சீக்கிரமே படுத்தாகணும், கடைசிப் பாட்டு எவ்வளவு பெரிய ஆள் பாடினாலும் சரி. எங்க போறீங்க, எந்த மாசம்னு கீழ சொன்னீங்கன்னா ஸ்லீப்பிங் பேக் எந்த அளவுக்கு வேணும்னு பார்த்துச் சொல்றேன்.